வேரழுகலும் தண்ணீர்க் கணக்கும்

1. கேள்வி

மணலி புதுநகரைச் சுற்றிச் சோயா வயல் எதுவும் கண்ணில் படாது. மளிகைக் கடையில் மீல் மேக்கர் பொட்டலமாகவும் சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டாகவும்தான் அந்தப் பயிர் இந்த ஊருக்கு வந்து சேர்கிறது. அது பெருமளவில் விளைவது மத்தியப் பிரதேசத்தின் மால்வா கரிசலிலும், மகாராஷ்டிரத்தின் விதர்பா, மராத்வாடா பகுதிகளிலும், ராஜஸ்தானின் தென்கிழக்கு மூலையிலும். ஆனால் அந்தச் சோயாவின் வேரைத் தின்னும் பூசணம் இந்த மண்ணுக்கு அயலான ஒன்றன்று. கொசஸ்தலை ஆற்றைக் கடந்து மீஞ்சூர், பொன்னேரி பக்கம் போனால், நெல் அறுத்த தரிசில் உளுந்தும் பாசிப்பயறும் நிற்கும். மேட்டு நிலங்களில் வேர்க்கடலை. இந்தூர் வட்டாரத்துச் சோயாவில் கரி அழுகலை உண்டாக்கும் மேக்ரோபோமினா பேசியோலினா என்ற பூசணம்தான் தமிழ்நாட்டு உளுந்திலும் வேரழுகலை உண்டாக்குகிறது. வேர்க்கடலையின் தண்டழுகலுக்குக் காரணமான ஸ்கிளிரோஷியம் ரோல்ஃப்ஸியே சோயாவின் கழுத்தழுகலுக்கும் காரணம்.

மணலிக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. 1966இல் தொடங்கப்பட்டு 1971இல் உற்பத்திக்கு வந்த மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. ‘விஜய்’ என்ற பெயரில் யூரியாவும் காம்ப்ளெக்ஸ் உரங்களும் உயிர் உரங்களும் இங்கிருந்து தென்னிந்திய வயல்களுக்குப் போகின்றன. வயலுக்கு வேண்டிய இடுபொருளைச் செய்து தரும் ஊர், அந்த இடுபொருளைச் செய்ய வேண்டிய தண்ணீரை ஒரு காலத்தில் பக்கத்து வயல்களின் அடியிலிருந்தே எடுத்தது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. வேரழுகல் மேலாண்மை என்று உழவரிடம் சொல்லப்படுவது பெரும்பாலும் விதையிலும் வேரடியிலும் போட வேண்டிய பொருள்களின் பட்டியலாக இருக்கிறது. அந்தப் பட்டியல் போதுமானதா? நோயைத் தீர்மானிப்பது பூசணமா, அதற்கு இடம் கொடுக்கும் நீரா?

இக்கட்டுரையின் வாதம் இதுதான்: வேரழுகல் நோய்களில் பூசணம் எப்போதும் மண்ணில் இருக்கிறது, அது எந்த ஆண்டில், எந்த வயலில் செடியைக் கொல்லும் என்பதைப் பெரும்பாலும் நீர்தான் முடிவு செய்கிறது. ஆகவே மருந்துப் பட்டியலின் தலைவரியில் தண்ணீர்க் கணக்கு எழுதப்பட வேண்டும். அந்தக் கணக்கு தனி உழவரின் வரப்போடு முடிவதில்லை.

2. ஒரே வாடல், பல காரணிகள்

வரப்பில் நின்று பார்க்கிறவருக்கு எல்லா வேர் நோயும் ஒன்றுபோலத் தெரியும். இலை வெளிறும், செடி தலை சாயும், திட்டுத் திட்டாகப் பயிர் காயும். செடியைப் பிடுங்கித் தண்டைப் பிளந்து பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும்.

கரி அழுகலில் ஆணிவேரின் பட்டை நார்நாராக உரியும். தண்டின் அடியைப் பிளந்தால் உள்ளே கரித்தூள் தூவியது போன்ற கறுப்பு மணிகள் இருக்கும். அவை மேக்ரோபோமினாவின் நுண்முடிச்சுகள். கழுத்தழுகலில் மண்ணை ஒட்டிய இடத்தில் வெள்ளை இழைகள் விசிறிபோலப் படர்ந்து, அவற்றின் மேல் கடுகளவு பழுப்பு உருண்டைகள் உருவாகும். ரைசோக்டோனியா சொலானி தாக்கிய இளஞ்செடியின் அடித்தண்டில் செம்பழுப்பு நிறத்தில் உள்வாங்கிய புண் இருக்கும். பித்தியம் தாக்கினால் முளை நீர் ஊறியதுபோல் மெலிந்து சாயும். ஃபியூசேரிய வாடலில் வேரின் வெளிப்புறம் ஓரளவு நன்றாக இருக்க, உள்ளே நீர் கடத்தும் குழாய்கள் பழுப்பேறி இருக்கும். வட அமெரிக்கச் சோயாவின் பெரும் பகையான ஃபைட்டோப்தோரா சோயே, மண்மட்டத்திலிருந்து தண்டு நெடுகச் சாக்லேட் நிறத்தில் மேலேறும்.

இந்த வேறுபாட்டை நூலறிவு என்று தள்ளிவிட முடியாது. பித்தியமும் ஃபைட்டோப்தோராவும் உண்மையான பூசணங்கள் ஆகா. பாசிகளுக்கு நெருங்கிய உறவுடைய வேறொரு குலம். வேரழுகல் என்றதும் தமிழ்நாட்டில் முதலில் கைக்கு வரும் கார்பெண்டசிம், பூசண உயிரணுவின் குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பிடித்து அதன் பிரிவைத் தடுப்பது. அந்த வேறு குலத்தின் மீது அது வேலை செய்யாது. அவற்றுக்கு மெட்டலாக்சில் போன்ற வேறு வகை மருந்து வேண்டும். எந்த நோய் என்று பாராமல் ஊற்றிய மருந்து பலிக்காதபோது, மருந்தின் அளவைக் கூட்டுவதே வழக்கமாகிவிடுகிறது. நோயை அடையாளம் காணாத மேலாண்மை தொடக்கத்திலேயே தவறுகிறது.

3. வறட்சியின் நோயும் வெள்ளத்தின் நோயும்

இந்தக் காரணிகளை உயிரியல் குலங்களாகப் பிரிப்பதைக் காட்டிலும், அவை கேட்கும் நீர்நிலையை வைத்துப் பிரிப்பது உழவருக்குப் பயன்படும்.

மேக்ரோபோமினா வறட்சியின் நோய். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்கும் இது, 28 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் செழிக்கும். முளைத்த சில வாரங்களிலேயே வேருக்குள் புகுந்துவிடும். ஆனாலும் செடிக்கு ஈரம் கிடைக்கும் வரை அடங்கியே இருக்கும். பூத்துக் காய் பிடிக்கும் நேரத்தில் மழை பொய்த்து வெயில் ஏறினால்தான் அது தண்டு முழுவதும் பரவி, நீர் போகும் வழியை அடைக்கும். செடி செத்த பிறகு அதன் நுண்முடிச்சுகள் தாள்கட்டையோடு மண்ணில் கலந்து ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உலர்ந்த மண்ணில் இவ்வளவு நீண்ட ஆயுள் உடைய அதே முடிச்சு, நீர் நிறைந்த மண்ணில் ஏழெட்டு வாரங்களுக்கு மேல் தாங்குவதில்லை. அதாவது நீர் இருக்கும் இடத்தில் நோயும் குறைகிறது, நோயின் வித்தும் அழிகிறது.

ஃபைட்டோப்தோராவின் கதை இதற்கு நேர் எதிர். 1948இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் முதலில் கவனிக்கப்பட்டு 1958இல் பெயர் பெற்ற அந்த நோய், நீர் வடியாத களிமண்ணின் நோய். அதன் நீந்தும் வித்துகள் மண்ணில் தேங்கிய நீர் வழியாகவே வேரைத் தேடிப் போகின்றன. அங்குள்ள ஆய்வாளர்கள் எதிர்ப்பு மரபணுக்களைச் சோயாவுக்குள் கொண்டுவந்து நோயைத் தடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு மரபணுவும் ஏறத்தாழ 8 முதல் 15 ஆண்டுகள் வரைதான் பலன் தந்தது. அதற்குள் நோய்க்காரணி அதை மீறும் புதிய வகைகளை ஈன்றுவிட்டது. எனவே அங்கும் வடிகால் அமைப்பது நோய் மேலாண்மையின் நீங்காத பகுதியாக நிலைத்துவிட்டது.

மேக்ரோபோமினாவுக்கு அத்தகைய தனி எதிர்ப்பு மரபணு எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை. அதன் மரபணுத் தொகுதியை 2012இல் வங்கதேச ஆய்வாளர்கள், மக்சுதுல் ஆலம் தலைமையில், தங்கள் நாட்டுச் சணலைக் காக்கும் நோக்கத்தோடு வாசித்து வெளியிட்டார்கள். செடியின் உயிரணுச் சுவரைச் சிதைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் அதில் ஏராளமாக இருப்பது தெரிந்தது. பல வழிகளில் தாக்கும் பகையை ஒரே பூட்டுப் போட்டுத் தடுக்க முடியாது. அதனால் சோயா ரகங்களில் இன்று கிடைப்பது பகுதிச் சகிப்புத்தன்மை மட்டுமே; முழு எதிர்ப்பு இல்லை.

வட தமிழகக் கடலோரத்தின் தனித்தன்மை, இந்த இரு நிலைகளும் ஒரே பருவத்தில் அடுத்தடுத்து வருவதுதான். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் வயலை மூழ்கடிக்கிறது. 2021 நவம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் கொசஸ்தலை பெருகி மணலி புதுநகரின் தெருக்களில் நீர் நின்றதை ஊர் மறந்திருக்காது. வெள்ளம் வடிந்த அதே வட்டாரத்தில் தை மாதம் நெல் தரிசில் விதைத்த உளுந்து, மண்ணில் மிஞ்சிய ஈரத்தை மட்டுமே நம்பி மாசி, பங்குனி வெயிலை எதிர்கொள்கிறது. மூன்று மாத இடைவெளியில் நீர் மிகுதியின் நோய்க்கும் நீர்க்குறையின் நோய்க்கும் ஒரே வயல் இடம் கொடுக்கிறது.

நெல்லுக்கும் பயறுக்கும் இடையே உள்ள உறவையும் இங்கே எடைபோட வேண்டும். சேறடித்து நீர் கட்டி நெல் நடும் நிலத்தில் மேக்ரோபோமினாவின் முடிச்சுகள் குறைய வேண்டும். மேலே சொன்ன ஆயுள் கணக்கு அதைத்தான் காட்டுகிறது. அப்படியும் தரிசு உளுந்தில் வேரழுகல் வருகிறதென்றால், நெல் கழுவித் தந்த நிலத்தில் மிஞ்சிய சிறிதளவு பூசணமே போதும் என்ற அளவுக்குச் செடி நீரின்றித் தளர்ந்திருக்கிறது என்று பொருள் கொள்வதே பொருத்தம். நெல்லைக் கைவிட்டு ஆண்டு முழுவதும் புன்செய்ப் பயிருக்கு மாறும் நிலங்கள் இந்த இயற்கைக் கழுவலையும் இழந்துவிடுகின்றன.

4. இன்றைய பரிந்துரை: எது காக்கப்படுகிறது, எது விடப்படுகிறது

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயறுகளின் வேரழுகலுக்குத் தரும் பரிந்துரை தெளிவானது. ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் 10 கிராம் கலந்து விதை நேர்த்தி செய்ய வேண்டும். இவை இல்லையென்றால் கார்பெண்டசிம் 2 கிராம் அல்லது திரம் 4 கிராம். அடியுரமாக எக்டருக்கு வேப்பம் புண்ணாக்கு 150 கிலோ அல்லது துத்தநாக சல்பேட் 25 கிலோ. அல்லது விதைத்த 30ஆம் நாள் டிரைக்கோடெர்மா 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலந்து மண்ணில் இட வேண்டும். நோய் கண்ட இடத்தில் லிட்டருக்கு 1 கிராம் கார்பெண்டசிம் கரைத்து வேரடியில் ஊற்ற வேண்டும்.

இவற்றில் விதை நேர்த்திக்கு வலுவான நியாயம் இருக்கிறது. செலவு குறைவு; முளைக்கும் பருவத்தில் செடிகளின் எண்ணிக்கையைக் காப்பாற்றுகிறது. ஆனால் விதையில் பூசிய மருந்தின் காவல் முதல் சில வாரங்களோடு ஓய்ந்துவிடும். கரி அழுகலோ காய் பிடிக்கும் பருவத்தில் தலைகாட்டுவது. காவல் முடிந்து வெகுநாள் கழித்து வரும் பகைக்கு விதை நேர்த்தியை மட்டும் மருந்தாகச் சொல்வது அரைகுறைப் பதில். வேரடியில் ஊற்றும் மருந்துக்கும் இதே குறை உண்டு. செடி வாடுவது கண்ணில் படும்போது வேர் ஏற்கெனவே அழிந்திருக்கும். ஊற்றுவது அந்தச் செடிக்குப் பயன்படாது, பக்கத்துச் செடிக்கு ஓரளவு பயன்படலாம்.

இரசாயன மருந்தின் எதிர்காலமும் உறுதியாக இல்லை. 2020 மே மாதம் மத்திய அரசு தடை செய்ய உத்தேசித்து வெளியிட்ட 27 பூச்சிக்கொல்லி, பூசணக்கொல்லி, களைக்கொல்லிகளின் வரைவுப் பட்டியலில் கார்பெண்டசிம், திரம், கேப்டான், மேங்கோசெப் எல்லாமே இருந்தன. அந்த வரைவு அப்படியே முழுத் தடையாக மாறவில்லை என்றாலும், நாளைய உழவர் இந்த மருந்துகளையே நம்பியிருக்க முடியாது என்பதற்கு அது போதிய அறிகுறி.

உயிரியல் முறை இந்த இடைவெளியை நிரப்பும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அதற்குத் தமிழ்நாட்டில் நல்ல அடித்தளமும் இருக்கிறது. டிரைக்கோடெர்மாவையும் சூடோமோனாஸையும் டால்க் தூளில் கலந்து உழவர் கைக்குக் கொண்டுசேர்த்ததில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நோயியல் துறை நாட்டுக்கே வழிகாட்டியது. டிரைக்கோடெர்மா மற்றப் பூசண இழைகளைச் சுற்றிப் பின்னி, அவற்றைச் சிதைத்து உண்ணக்கூடியது. ஆனால் அதுவும் ஓர் உயிர். அதற்கு ஈரமும் மக்கும் பொருளும் வேண்டும். அங்ககக் கரிமம் வற்றிய, உலர்ந்த மண்ணில் 2.5 கிலோ தூளைத் தூவினால் நோய்க்காரணி பிழைக்கும், காவலன் பிழைக்க மாட்டான். கார்பெண்டசிம் கலந்த விதையில் டிரைக்கோடெர்மாவையும் பூசினால் மருந்தே காவலனைக் கொன்றுவிடும். ரைசோபியம் உயிர் உரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்துவதால்தான், பூசணக்கொல்லி நேர்த்தி செய்து 24 மணி நேரம் கழித்து ஆறிய அரிசிக் கஞ்சியில் உயிர் உரத்தைக் கலந்து பூசச் சொல்கிறார்கள்.

இந்தப் பட்டியலை ஊன்றிப் படித்தால் இன்னொன்றும் தெரியும். வேப்பம் புண்ணாக்கு, தொழுவுரம், துத்தநாகம் ஆகிய மூன்றும் பூசணத்தை நேரடியாகக் குறிவைப்பதைவிட மண்ணின் நிலையை மாற்றுவதற்கே உரியவை. பட்டியலுக்குள்ளேயே வேறொரு சிந்தனை மரபு ஒளிந்திருக்கிறது. அந்த மரபின் ஒரு கிளை சென்னைக்குச் சொந்தமானது.

5. சென்னை ஆய்வுக்கூடம் கேட்ட கேள்வி

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றித் திரும்பிய டி.எஸ்.சதாசிவன், 1940களில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். அவரும் அவருடைய மாணவர்களும் பருத்தி, துவரை ஆகியவற்றின் வாடல் நோயை எடுத்துக்கொண்டு, ‘மண் நிலைகளும் வேர் நோய்களும்’ என்ற பொருள்தரும் தலைப்பில் தொடர் கட்டுரைகளை வெளியிட்டார்கள். தலைப்பிலேயே அணுகுமுறை இருக்கிறது. பூசணத்தைக் கொல்வது எப்படி என்பதற்கு முன், எந்த மண்ணில் அது பிழைக்கிறது, எந்த மண்ணில் மற்ற நுண்ணுயிர்களோடு போட்டியிட முடியாமல் ஒடுங்குகிறது என்று கேட்டார்கள். துத்தநாகம், மாங்கனீசு, போரான் போன்ற நுண்ணூட்டங்கள் பூசணத்தின் போக்கையும் செடியின் வாடலையும் எப்படி மாற்றுகின்றன என்று சோதித்தார்கள். வேரைச் சுற்றிய மண்ணில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்தை எண்ணினார்கள். வாடிய பருத்திச் செடிக்குள்ளேயே ஃபியூசேரிக் அமிலம் என்ற நச்சு இருப்பதை 1950களில் இந்த ஆய்வுக்கூடம்தான் காட்டியது.

இன்றைய பரிந்துரைப் பட்டியலில் துத்தநாக சல்பேட் இருப்பதும், உயிரியல் காவலர்களுக்கு இடம் கிடைத்திருப்பதும் இந்த வகைச் சிந்தனையோடு ஒத்துப்போகின்றன. ஆனால் அந்தச் சிந்தனை கட்டுரையிலிருந்து கடைக்கு வந்தபோது, கேள்வி உதிர்ந்து பொருள் மட்டும் தங்கிவிட்டது. மண்ணின் நிலை என்ன என்று கேட்காமலேயே மண்ணுக்கான பொருளை வாங்கிப் போடுகிறோம். மண்ணின் நிலையில் முதன்மையான நீரை விற்பனைக்கு வைக்க முடியாது என்பதால், பட்டியலில் அதற்கு ஒரு வரி கிடைப்பதே அரிது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1987இல் இந்தூரில் தேசிய ஆய்வு மையமாகத் தொடங்கிய சோயா ஆராய்ச்சி நிறுவனம், மேட்டுப்பாத்தியும் வாய்க்காலுமாக நிலத்தை அமைத்து விதைப்பதை நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறது. ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் கரிசல் நிலங்களுக்காக வகுத்த அகலப் பாத்தி முறையின் வழிவந்தது இது. மழை மிகுந்தால் வாய்க்கால் நீரை வடிக்கும். மழை பொய்த்தால் பாத்தியில் ஈரம் தங்கும். மருந்து எதுவும் சேர்க்காமல், வெள்ளத்தின் நோயையும் வறட்சியின் நோயையும் ஒரே நில அமைப்பால் எதிர்கொள்ளும் வழி இது. சோயா வட்டாரம் வேரழுகலுக்குக் கண்ட விடைகளில் மிகப் பொதுவாகப் பொருந்தக்கூடியது இதுவே என்பது என் மதிப்பீடு.

6. மீஞ்சூரின் உவர்நீர்

ஆனால் பாத்தி அமைப்பால் தீர்க்க முடியாத ஒரு நீர்ச்சிக்கல் மணலியின் வடபுறத்தில் இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணி–கொசஸ்தலை வடிநிலத்தின் நிலத்தடி நீர் ஆராயப்பட்டது. அதன் தொடர்ச்சியாக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து, மணலித் தொழிற்சாலைகளுக்கும் சென்னை நகருக்கும் நீர் கொண்டுவந்தார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் வளர்ந்த பின்னணியில் இந்த நீர் இருந்தது. பிற்காலத்து வறட்சி ஆண்டுகளில் உழவர்களின் பாசனக் கிணறுகளிலிருந்தே சென்னைக் குடிநீர் வாரியம் விலை கொடுத்து நீர் எடுத்தது.

இறைத்த இடத்தைக் கடல் நிரப்பியது. 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உவர்நீர் ஊடுருவல், 1983இல் சுமார் 7 கிலோமீட்டரையும் 1987இல் சுமார் 9 கிலோமீட்டரையும் எட்டியதாக நீர்த்துறைக் கணக்குகள் பதிவு செய்துள்ளன. கடல்நீர் ஊடுருவலுக்கு இந்திய நீரியல் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டாக வரும் பெயர் மீஞ்சூர்.

இதை வேரழுகலோடு இணைப்பது என் ஊகம்; ஆனால் அதன் ஒவ்வொரு கண்ணியும் தாவரவியலில் நிலைபெற்ற உண்மை. மண் கரைசலில் உப்பு ஏறினால், வேர் நீரை உறிஞ்சக் கூடுதலாக உழைக்க வேண்டும். நீர் அருகிலேயே இருந்தும் செடி வறட்சியில் நிற்கும் நிலை அது. மேக்ரோபோமினா எதிர்பார்த்துக் காத்திருப்பது அத்தகைய தளர்ந்த செடியைத்தான். உப்பைத் தாங்கும் திறன் பயிருக்குப் பயிர் மாறும். மாஸ், ஹாஃப்மன் இருவரும் 1977இல் தொகுத்த பட்டியலின்படி, மண்ணின் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 3.0 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல்லின் விளைச்சல் சரியத் தொடங்கும். வேர்க்கடலைக்கு அந்த எல்லை 3.2, சோயாவுக்கு 5.0. பொன்னேரி வட்டாரத்தில் நெல்லும் வேர்க்கடலையுமே பெரும்பான்மைப் பயிர்கள் என்பதை நினைத்தால், சோயாவைவிடவும் மெல்லிய பயிர்கள்தாம் இங்கே உவர்நீரை எதிர்கொள்கின்றன.

இதை அளக்க அரசிடம் கருவி இல்லாமல் இல்லை. 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் ஒவ்வொரு நிலத்துக்கும் 12 அளவுகளைத் தருகிறது. தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, மின்கடத்துத் திறன், அங்ககக் கரிமம். இவற்றில் கடைசி இரண்டும் வேரழுகலின் முன்னறிவிப்புகள். ஒன்று செடி எவ்வளவு தளரும் என்று சொல்கிறது. மற்றது டிரைக்கோடெர்மா பிழைக்குமா என்று சொல்கிறது. நடைமுறையில் அந்த அட்டை எத்தனை மூட்டை உரம் போடுவது என்று பார்ப்பதற்கே பயன்படுகிறது. வரியும் வேம்புப் பூச்சுச் செலவும் நீங்கலாக 45 கிலோ யூரியா மூட்டை 242 ரூபாய் என்று அரசு விலையை நிறுத்தி வைத்திருக்கும் நாட்டில், அட்டையும் உரத்தின் மொழியிலேயே படிக்கப்படுவது வியப்பில்லை.

7. எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு மூன்று நியாயமான மறுப்புகள் எழலாம்.

முதலாவது, உழவரால் மருந்தை வாங்க முடியும், ஆற்றையும் கடலையும் மாற்ற முடியுமா என்பது. உண்மைதான். ஆனால் வயல் எல்லைக்குள்ளேயே நீர் சார்ந்து செய்யக்கூடியவை பல உண்டு. வரப்போரம் வடிகால் எடுப்பது, பாத்தியை உயர்த்துவது, பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் ஒரு தண்ணீராவது கொடுப்பது, மூடாக்கு இட்டு ஈரத்தைக் காப்பது, வெயில் முற்றுமுன் அறுவடைக்கு வரும் குறுகிய காலப் பயிரைத் தேர்வது ஆகியவை அவை. இவற்றைச் செய்த பிறகு போடும் விதை நேர்த்திதான் முழுப் பலன் தரும்.

இரண்டாவது, நல்ல ரகம் வந்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பது. ஃபைட்டோப்தோராவுக்கு எதிரான மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றதை மேலே கண்டோம். மேக்ரோபோமினாவுக்கு அந்த அளவு கூட இல்லை. சகிப்புத்தன்மை உள்ள ரகம் அவகாசம் வாங்கித் தரும். அந்த அவகாசத்தில் மண்ணையும் நீரையும் சீர்செய்யவில்லையென்றால் அது வீண்.

மூன்றாவது, பூசணம் இல்லாவிட்டால் வறட்சி மட்டும் வேரை அழுகச் செய்யாதே என்பது. இதுவும் சரி. நோய் என்பது பயிர், காரணி, சூழல் மூன்றும் கூடும்போதே உண்டாகும் என்பது நோயியலின் முதல் பாடம். ஆனால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்களில் வாழும் ஒரு பூசணத்தை வயலை விட்டே விரட்ட யாராலும் முடியாது. மூன்றில் எதை மாற்ற முடியுமோ அதில் உழைப்பதுதான் மேலாண்மை.

8. முடிவு: யார் என்ன செய்ய வேண்டும்

மணலித் தொழிற்சாலைகள் 1990களிலேயே நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கின. 2019இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கி, அந்த நீர் மணலி–எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் இயங்கத் தொடங்கியது. பயிர்ப் பாதுகாப்புக் கையேடு எதிலும் இவை இடம்பெறுவதில்லை. ஆனால் வடிநிலத்திலிருந்து இறைக்கும் சுமையைக் குறைக்கும் ஒவ்வொரு ஏற்பாடும், மீஞ்சூர் வயலில் தூவும் எந்தத் தூளையும்விட நீண்ட காலம் வேரைக் காக்கக்கூடியது. அவற்றால் மிச்சமான நிலத்தடி நீர் வேறு எதற்கும் இறைக்கப்படாமல் மண்ணுக்குள்ளேயே விடப்பட வேண்டும் என்பது இதற்கு நிபந்தனை.

இதிலிருந்து மூன்று பரிந்துரைகள் பிறக்கின்றன. வேளாண்மைத் துறை, வேரழுகலுக்கு மருந்து சொல்வதற்கு முன் தண்டைப் பிளந்து நோயை அடையாளம் காணும் பழக்கத்தை வட்டார விரிவாக்க மையங்களில் நடைமுறையாக்க வேண்டும். மண் ஆய்வுக்கூடங்கள், நோய் மிகுந்த வட்டாரங்களிலாவது ஒரு கிராம் மண்ணில் உள்ள நுண்முடிச்சுகளை எண்ணி மண்வள அட்டையில் சேர்க்க வேண்டும். அதற்கான முறை நோயியலில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பதுதான். நீர்வளத் துறையும் வேளாண்மைத் துறையும் ஆரணி–கொசஸ்தலை வடிநிலத்தின் உவர் வரைபடத்தையும் வேரழுகல் பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். இக்கட்டுரையின் ஊகம் சரியா தவறா என்பதை அந்த ஒரு வேலையே முடிவு செய்துவிடும்.

உழவருக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. விதை நேர்த்தியைக் கைவிட வேண்டாம். அதை மட்டும் நம்பவும் வேண்டாம். கடைக்குப் போகுமுன் ஒரு செடியைப் பிடுங்கித் தண்டைப் பிளந்து பாருங்கள். மண்வள அட்டையில் மின்கடத்துத் திறனும் அங்ககக் கரிமமும் எவ்வளவு என்று பாருங்கள். மருந்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை வடிகாலுக்கும் தொழுவுரத்துக்கும் மாற்றுங்கள். வேரைக் காக்கும் வேலை மருந்துக் கடையில் தொடங்குவதில்லை; நீர் எங்கே தேங்குகிறது, எங்கே வற்றுகிறது, எவ்வளவு உவர்க்கிறது என்று கணக்குப் பார்ப்பதில் தொடங்குகிறது.